ஞானம்பாளின் இரண்டாவது சிம்

ஞானம்பாளுக்குச் சித்ரலேகாவின் குரல் தெரியும், முகம் தெரியாது. ஆறு வருஷம் நாள் தவறாமல் பேசிய சிநேகிதியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. தம்பி கோமதிசங்கரே நம்பவில்லை. "ஒரு போட்டோ கூடவா இல்ல?" என்று கேட்டான். போட்டோவும் இல்லை.

1982-ல் திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தபோது ஞானம்பாளுக்கு வயது இருபத்திரண்டு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்து போவாள். மெட்ராஸுக்குப் பேச வேண்டும் என்றால் அன்றைக்கு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். ஞானம்பாள் இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் குறித்துக்கொள்வாள். எதிரே இருக்கும் பலகையில் ஒயரின் முனையை மெட்ராஸ் துளையில் செருகுவாள். அந்தப் பக்கம் மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சில் இன்னொரு பெண் எடுப்பாள். இரண்டு பெண்களும் சேர்ந்துதான் இரண்டு ஊரைப் பேசவைக்க வேண்டும். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே புகுந்து "மூணு நிமிஷம் ஆச்சு" என்று சொல்வதும் அவர்கள் வேலைதான். பேசிக்கொண்டிருப்பவர்கள் அந்தக் குரலைச் சபிப்பார்கள். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மெட்ராஸ் பக்கத்தில் இருந்த பெண் கடகடவென்று ஏதோ எண்களைச் சொன்னாள். ஞானம்பாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"கொஞ்சம் பையப் பேசுங்க" என்றாள்.

"பையா? எதுக்குப் பை?"

"பை இல்ல. பைய. மெதுவான்னு அர்த்தம்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. பக்கத்து இருக்கைக்காரியிடம் அவள் சொல்லிச் சிரிப்பதும் காதில் விழுந்தது. ஞானம்பாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் ரயிலில் போகும்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து தானும் சிரித்தாள். மறுநாள் அந்தப் பெண்ணே பேர் சொன்னாள். சித்ரலேகா. பெரம்பூர். அப்பா ரயில்வேயில் வேலை. தங்கைகள் மூன்று பேர்.

மதியம் இரண்டு மணிக்கு வியாபாரிகள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். லைன் சும்மா கிடக்கும். அப்போது மெட்ராஸ் விளக்கு மினுக்கும். "நெல்லை, லைன் ஃப்ரீயா?" என்று கேட்பாள் சித்ரலேகா. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மேலதிகாரி வருகிற சத்தம் கேட்டால் இரண்டு பேரும் எண்களைச் சொல்வதுபோல் நடிப்பார்கள். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த நாறும்பூநாதனைத் தனக்குப் பேசி முடித்திருக்கிறார்கள் என்பதை ஞானம்பாள் முதலில் சொன்னது சித்ரலேகாவிடம்தான். "குரல் எப்படி?" என்று கேட்டாள் சித்ரலேகா. ஆள் எப்படி என்று கேட்கவில்லை. ஞானம்பாளுக்கும் அந்தக் கேள்வி வித்தியாசமாகத் தோன்றவில்லை. "கனமான குரல். ஆனா அடங்கிப் பேசுதாரு" என்றாள்.

1988-ல் சித்ரலேகாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பினாங்குத் துறைமுகத்தில் குமாஸ்தா. கல்யாணத்துக்கு மெட்ராஸ் போக ஞானம்பாளுக்கு லீவு கிடைக்கவில்லை. வேலையை விட்டு நிற்கிற அன்று மதியம் சித்ரலேகா கூப்பிட்டாள். மேலதிகாரி பக்கத்தில் இல்லாதபோதும் இரண்டு பேரும் எண்களையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு நாலைந்து வருஷம் கடிதம் வந்தது. அதற்கப்புறம் யாரோ வீடு மாறினார்கள், ஏதோ ஒரு கடிதம் திரும்பி வந்தது, அத்தோடு நின்றுபோயிற்று. வெளிநாட்டுக்கு போன் பேசுவது அன்றைக்கு நினைத்துப் பார்க்கிற காரியமா? ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்குப் பேசுகிற எஸ்.டி.டி. ஊர் ஊராக வந்தது. ஒருநாள் டிரங்க் பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஞானம்பாளை வாடிக்கையாளர் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். அங்கேயே இருந்து 2020-ல் ஓய்வு பெற்றாள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே நாறும்பூநாதன் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. வண்ணார்பேட்டையில் பஸ் இரைச்சல் கேட்கிற தெருவில் இரண்டு அறை வீடு. அடுத்த தெருவில் தம்பி கோமதிசங்கர்.

பழைய ஆபரேட்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். காலை வணக்கமும் பூப்படமுமாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் குழுவில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அறுபது என்று தொடங்கும் மலேசியா எண் ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஞானம்பாளுக்குத் தனியாக ஒரு செய்தி.

"நெல்லை, லைன் ஃப்ரீயா?"

ஞானம்பாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். உடனே கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. "இங்க நெட் சரியில்ல. எழுது" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து எழுத்துதான். புருஷன் தவறிவிட்டார் என்றும், மகன் கோலாலம்பூரில் இருக்கிறான் என்றும், தான் பினாங்கில் ஏழாவது மாடியில் தனியாக இருப்பதாகவும் சித்ரலேகா எழுதினாள். ஞானம்பாள் கூப்பிடும்போதெல்லாம் நெட் சரியில்லை, வெளியே இருக்கிறேன், போனில் கோளாறு என்று ஏதாவது ஒன்று. குரலைப் பதிந்து அனுப்பினால் பெருவிரல் படம் ஒன்று வரும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. வீடியோவில் பார்க்கலாமா என்று ஞானம்பாள் கேட்டபோது, "நாற்பது வருஷம் பார்க்காத முகத்தை இத்துணூண்டு கண்ணாடியிலா பார்க்கணும்? நேர்ல வா" என்று எழுதினாள். ஞானம்பாளுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றைக்கே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள்.

கோமதிசங்கருக்கு அக்கா விமானம் ஏறுவதுகூடப் பயமில்லை. அவன் பயம் எல்லாம் போனைப் பற்றித்தான்.

"எக்கா, எங்க பேங்க்ல இருந்த ஒருத்தரு பாங்காக்குக்கு நாலு நாளு போயிட்டு வந்தாரு. போன் பில்லு பிளேன் டிக்கெட்ட விட ஜாஸ்தி. அவரு யாருக்கும் பேசக்கூட இல்ல பாத்துக்கோ. பையில சும்மா கிடந்த போனு தானா நெட்டு இழுத்திருக்கு."

"ஏலே சங்கரு, நான் அமெரிக்காவுக்கே லைன் போட்டுக் குடுத்தவ."

"அது ஒயரு. இது வேற."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஞானம்பாள் தான் உட்கார்ந்த அதே கவுன்டருக்குப் போனாள். ரீபா என்ற பெண் இப்போது அங்கே இருந்தாள். அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். டேட்டா ரோமிங் என்பதை இங்கேயே அணைத்துவிட வேண்டும். ஊர் எண்ணை போனிலேயே வைத்துக்கொள்ளலாம், வங்கியிலிருந்து ஓ.டி.பி. குறுஞ்செய்தி வந்தால் காசு இல்லை. ஆனால் அந்த எண்ணுக்கு யாராவது கூப்பிட்டு, எடுத்துப் பேசினால் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு போகும். அங்கே இறங்கியதும் அந்த ஊர் சிம் ஒன்று வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டுக்கொண்டால் போதும். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும்.

"எங்க காலத்துல அர்ஜென்ட் காலுக்கு ரெட்டிப்பு, லைட்னிங் காலுக்கு எட்டு மடங்கு" என்றாள் ஞானம்பாள்.

"லைட்னிங் காலா? பேரே பயமா இருக்கு மேடம்" என்றாள் ரீபா.

கோமதிசங்கர் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து எழுதினான். "ஊர் நம்பரில் யார் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது" என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

விமானம் பினாங்கில் இறங்கியபோது காலை எட்டரை. பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்து, விமான நிலையத்து இலவச வைஃபையைப் பிடித்து, "வந்துட்டேன்" என்று எழுதினாள். வாசலில் பச்சைச் சேலையில் நிற்பதாகச் சித்ரலேகா முந்தின நாளே சொல்லியிருந்தாள். செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் விழுந்தது, படித்ததற்கு விழவில்லை. வெளியே வந்து பார்த்தாள். பச்சைச் சேலை எதுவும் இல்லை. வாசலைத் தாண்டினால் வைஃபை அறுந்துபோகிறது. உள்ளே வந்து கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் உள்ளேயும் வெளியேயுமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். முடியாமல் ஏதாவது ஆகிவிட்டதா? ஏழாவது மாடி வீட்டில் தனியாகக் கிடக்கிறாளா? இல்லை, வரச் சொல்லிவிட்டு மனசு மாறிவிட்டதா? இந்தக் கடைசி எண்ணம் வந்ததும் தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

சிம் விற்கிற கடை ஒன்று ஓரமாக இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். ஞானம்பாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினாள். அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தமிழ்லயே பேசுங்கக்கா. திருநெல்வேலியா? நான் மேலப்பாளையம். பேரு ஜீஷான்."

ஞானம்பாளுக்கு உட்கார்ந்து அழவேண்டும் போல் இருந்தது. அழவில்லை. எத்தனை நாள், எதற்கு வேண்டும் என்று கேட்டார் ஜீஷான். பத்து நாள் என்றாள்.

"அப்பம் இந்தப் பெரிய டேட்டா பேக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம். சினிமா பாக்கப் போறீங்களா என்ன? இந்தச் சின்னது எடுங்க, முப்பது வெள்ளி. இங்கன ரிங்கிட்ட நாம வெள்ளின்னுதான் சொல்லுவோம். பத்து நாளைக்கு வாட்ஸ்அப்பு, வழி பாக்க மேப்பு எல்லாத்துக்கும் காணும், மிச்சமே இருக்கும். உள்ளூர் நம்பருக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம், அதுக்குத் தனியா காசு கிடையாது."

"எவ்வளவு நேரம் வேணும்னாலுமா?"

"விடிய விடியப் பேசுங்களேன்."

அவரே சிம்மைப் போட்டு, டேட்டாவைப் புது சிம்முக்கு மாற்றி, ஊர் சிம்மில் ரோமிங் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். "வாட்ஸ்அப்பு நம்பர மாத்தவான்னு கேக்கும். வேண்டாம்னு குடுத்துருங்க" என்று சொல்லி போனைக் கையில் தந்தார்.

ஞானம்பாள் வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் அந்தக் குரலைக் கேட்டாள்.

"சென்னை ஃபிளைட் வந்துடுச்சா? வந்துடுச்சா, இல்லியா?"

காவலாளியிடம் யாரோ சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தேழு வருஷம் கழித்து அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் "இல்லியா" என்று முடிக்கும்போது மேலே ஏறுகிற ஏற்றம் அப்படியே இருந்தது. ஞானம்பாள் திரும்பினாள். பத்தடி தூரத்தில் பச்சைச் சேலை. நரைத்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்த, உயரமான பெண். முதுகு காட்டி நின்றாள்.

"சித்ரா!"

திரும்பவில்லை.

"ஏ சித்ரா!"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. ஞானம்பாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு யாராவதா? புது சிம்மிலிருந்து சித்ரலேகாவின் எண்ணை அழுத்தினாள். அந்தப் பெண்ணின் தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்டது. நல்ல சத்தமான மணி. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பையைச் சுமந்து நின்றவள் அசையாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானம்பாளுக்கு அப்போது எல்லாம் விளங்கியது. இரண்டு வருஷமாகச் சரியில்லாமல் இருந்த நெட், எடுக்காத கால்கள், பதில் வராத குரல் பதிவுகள் எல்லாம். அவள் பைய நடந்துபோய் சித்ரலேகாவின் தோளைத் தொட்டாள்.

சித்ரலேகா திரும்பினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சித்ரலேகாவுக்கு வட்ட முகம், மூக்கின் ஓரத்தில் ஒரு மறு. இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்த முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஞானம்பாளின் உதடு அசைவதையே சித்ரலேகா உற்றுப் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள். கட்டிக்கொண்டு அழுதவள் ஞானம்பாள்தான். சித்ரலேகா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, "அழாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

அன்று முழுவதும் இருவரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போனில் எழுதிப் பேசிக்கொண்டார்கள். மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போய்விட்டதாகச் சித்ரலேகா சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கத்தினால் பாதி புரியும். கத்தலில் குரல் போய்விடும், வார்த்தைதான் மிஞ்சும். மகன் காது மெஷின் வாங்கிக் கொடுத்து எட்டு மாசம் ஆகிறது. டப்பாவோடு அலமாரியில் இருக்கிறது.

"ஏன் போட்டுக்கிடல?" என்று எழுதினாள் ஞானம்பாள்.

"எத்தனை ஆயிரம் பேர் குரல் கேட்ட காது. அதுல போய் மெஷினா?"

"என்ட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

இதற்குச் சித்ரலேகா எழுதவில்லை. வாயால் சொன்னாள். "சொல்லியிருந்தாலும் நீ வந்திருப்ப. ஆனா பாவம்னு வந்திருப்ப."

மறுநாள் காலையில் ஞானம்பாளின் போன் விடாமல் அடித்தது. ஊர் எண்ணில் "சங்கர்" என்று காட்டியது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தது நினைவுக்கு வர, அவள் எடுக்கவில்லை. பதினொரு தடவை கூப்பிட்டுவிட்டு அவன் வாட்ஸ்அப்பில் வந்தான்.

"ஏன்க்கா எடுக்க மாட்டேங்க? இங்கன எனக்கு ஈரக்குல நடுங்குது!"

"நீதானலே எடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்த?"

"அது மத்தவங்களுக்கு!"

சித்ரலேகாவுக்கு இதை எழுதிக் காட்டியபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை.

மூன்றாம் நாள், சித்ரலேகா குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஞானம்பாள் அலமாரியைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தாள். உள்ளே பட்டாணி அளவில் இரண்டு கருவிகள். கூடவே படம் போட்ட சின்னப் புத்தகம். முப்பத்தெட்டு வருஷம் இலாகாவில் குப்பை கொட்டியவள் ஆகையால் விளக்கப் புத்தகங்களைக் கண்டு அவளுக்குப் பயம் கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். நாலாவது பக்கத்தில் ஒரு படம் இருந்தது: ஒரு போன், ஒரு காது, நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. போனில் வருகிற குரலை இந்தக் கருவி நேராகக் காதுக்குள்ளேயே கொண்டுபோகும் என்று போட்டிருந்தது. ஞானம்பாள் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள்.

குளித்து வந்த சித்ரலேகா டப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞானம்பாள் வாதாடவில்லை. "ஒரு கால். மூணு நிமிஷம். அதுக்கப்புறம் கழட்டிப் போட்டுரு" என்று எழுதி நீட்டினாள். சித்ரலேகா அதைப் படித்தாள். பிறகு ஈரத் தலையைக் காதோரம் ஒதுக்கினாள்.

சித்ரலேகாவின் போனோடு கருவியை இணைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு தடவை பிசகிற்று. பிறகு நீல விளக்கு நின்று எரிந்தது. ஞானம்பாள் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்ரலேகா திடுக்கிட்டு நிமிர்வது தெரிந்தது. எடுத்தாள்.

"கேக்குதா?" என்று கத்தினாள் ஞானம்பாள். "ஏ சித்ரா, கேக்குதா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்ரலேகா ஒரு கையால் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு பேசினாள்.

"ஏம்மா கத்தற? பையப் பேசு."

ஞானம்பாள் பைய என்னென்னவோ பேசினாள். பினாங்கு வெயிலைப் பற்றி, எதிர் மாடியில் துணி காயப்போடும் சீனத்துப் பெண்ணைப் பற்றி, ஜீஷானைப் பற்றி. என்ன பேசினோம் என்பது முக்கியமாக இல்லை. மூன்று நிமிஷம் ஆனது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஒரு விசித்திரம் இருந்தது. கருவியைப் போட்டுக்கொண்டு நேரில் பேசினால் மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, பாத்திரம் எல்லாம் சேர்ந்து சித்ரலேகாவின் காதில் இரைந்தன. போனில் பேசினால் மட்டும் ஞானம்பாளின் குரல் தனியாக, சுத்தமாக வந்தது. "நீ எதிர்ல உக்காந்து பேசறத விட லைன்லதான் நீ நீயா இருக்க" என்றாள். அதனால் மிச்சமிருந்த நாளெல்லாம் ஒரே வீட்டுக்குள் ஒருத்தி பால்கனியிலும் ஒருத்தி அடுப்படியிலுமாக இருந்து போனில் பேசினார்கள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு போனில் பேசினார்கள். படகில் கடலைக் கடக்கும்போதும் அப்படித்தான். ஜனங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பழைய குரல்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தினமும் பருத்தி விலை கேட்கும் வண்ணார்பேட்டை வியாபாரி. மகனிடம் "சாப்பிட்டியாலே" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கத் தெரியாத சாத்தான்குளத்துப் பெரியவர். ஒருநாள் அடுப்படியிலிருந்து சித்ரலேகா கேட்டாள்.

"எண்பத்தஞ்சுல ஒரு பொம்பள. பையன் எங்க மெட்ராஸ்ல ஆஸ்பத்திரில. ஞாபகம் இருக்கா?"

ஞானம்பாளுக்கு நன்றாக நினைவிருந்தது. திருநெல்வேலி எக்ஸ்சேஞ்சின் பொது போனுக்கு வந்து நின்ற அம்மாள். மகனுக்குப் பெரிய ஆபரேஷன். அந்தப் பக்கம் மகன் "அம்மா" என்றான். இந்தப் பக்கம் அந்த அம்மாள் "நான்தாய்யா" என்றாள். அதற்குமேல் இருவருமே அழுதுகொண்டிருந்தார்கள். மூன்று நிமிஷம் முடிந்தது. குறுக்கே புகுந்து சொல்ல ஞானம்பாளுக்கு வாய் வரவில்லை. சித்ரலேகாவும் சொல்லவில்லை. பதினொரு நிமிஷம் ஓடிற்று. மூன்று நிமிஷம் என்றே சீட்டில் எழுதினாள் ஞானம்பாள். நல்லவேளையாக யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"கண்டுபிடிச்சாங்க" என்றாள் சித்ரலேகா. "எங்க சூப்பர்வைசர் பின்னாடியே நின்னாரு. நெல்லைல இருக்கற பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் லைனைப் பிடிச்சு வெச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆறு மாசம் இன்கிரிமென்ட் போச்சு."

பால்கனியில் ஞானம்பாள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். ஏன் அப்பமே சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவ நீ பயந்து கட் பண்ணிடுவியோன்னு."

"சொல்லாம இருக்கதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்றாள் ஞானம்பாள். கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். "இனிமே எதுன்னாலும் சொல்லிரணும். காதுல வலின்னாலும் சொல்லணும், கால்ல முள்ளுன்னாலும் சொல்லணும். கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள் சித்ரலேகா. "நல்லாவே கேட்டேன்."

பத்தாம் நாள் விமான நிலையத்தில் ஜீஷான் கடையைத் தாண்டும்போது ஞானம்பாள் அவருக்கு ஒரு கட்டு கல்லிடைக்குறிச்சி அப்பளம் கொடுத்தாள். "பேக்கு எப்படிக்கா, காணுச்சா?" என்று கேட்டார். போனை வாங்கிப் பார்த்தவர் அசந்துபோனார். டேட்டா பாதிக்குமேல் அப்படியே இருந்தது. உள்ளூர்க் காலில் மட்டும் எழுபது மணி நேரத்துக்கு மேல் காட்டியது. அவ்வளவும் ஒரே எண்ணுக்கு.

"இவ்வளவு நேரம் யாருக்கிட்டக்கா பேசுனீங்க?"

ஞானம்பாள் பக்கத்தில் நின்ற சித்ரலேகாவைக் காட்டினாள். ஜீஷான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை.

இப்போது ஞானம்பாள் வண்ணார்பேட்டை வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. பினாங்கு சிம் செத்துப்போயிற்று, வாட்ஸ்அப் போதும். காலை பதினொரு மணிக்கு அவள் கூப்பிடுவாள். அங்கே அது மதியம் ஒன்றரை. சித்ரலேகா காதில் கருவியோடு சாப்பிட உட்காரும் நேரம். பொங்கலுக்குச் சித்ரலேகா இங்கே வருகிறாள். கோமதிசங்கர் அதற்குள் ரீபாவிடம் போய், வெளிநாட்டுக்காரர் இங்கே சிம் வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டு, புது அட்டை ஒன்று தயார் செய்துவிட்டான்.

போன வாரம் ஒருநாள் அவள் வரவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லிடைக்குறிச்சியில் எத்தனை நாள், குற்றாலம் போவதா வேண்டாமா என்று ஞானம்பாள் சுவாரசியமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் சித்ரலேகா குறுக்கிட்டாள்.

"ஞானம், உன் குக்கர் நாலு விசில் அடிச்சாச்சு. போய் அணைச்சிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."